பேஸ்பால் பிட்சரின் முழங்கை: பந்தை எண்ணினால் போதுமா?

1/ 1974 ஜூன் 14. கலிபோர்னியாவில் ஒரு பேஸ்பால் ஆட்டம். நோலன் ரயன் என்ற பிட்சர் ஒரே ஆட்டத்தில் 13 இன்னிங்ஸ் வீசுகிறார். மொத்தம் 235 பந்துகள். நம்ம கிரிக்கெட் கணக்கில் 39 ஓவருக்கு மேல். ஒரே ஆள், ஒரே நாள்.

2/ ஒரு மாசம் சொச்சம் கழித்து, ஜூலை 17. அதே கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் வீசிக்கொண்டிருக்கிறார். ஒரு பந்தில் இடது முழங்கையில் ஏதோ பிய்ந்தது மாதிரி இருக்கிறது. இன்னொரு பந்து வீசிப் பார்க்கிறார். முடியவில்லை. தானே மைதானத்தை விட்டு வெளியே நடக்கிறார்.

3/ ஒருத்தர் 235 வீசியும் நிற்கிறார், இன்னொருத்தர் கை ஒரே பந்தில் போகிறது. அப்போ ஒரு பிட்சரை எவ்வளவுதான் வீச விடலாம்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க அணிகள் "சுமார் 100 பந்து" என்று ஒரு விடை வைத்திருந்தார்கள். அந்த விடை சரியா என்று இப்போது அவர்களே யோசிக்கிறார்கள். ஏன் என்று மருத்துவப் பக்கமிருந்து பார்ப்போம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையாகப் படிங்க.

4/ முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு. ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். முதல் பந்திலிருந்து வீச ஆரம்பிப்பவர்தான் ஸ்டார்ட்டிங் பிட்சர். ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. சீசனுக்கு ஒரு அணிக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். அதனால் ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறை வைத்து வீசுவார்கள். 1970கள் வரை நான்கு பேர்தான்.

5/ கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஓடி வருகிறார், கையை மடக்கி நீட்டி எறியக் கூடாது. சுமை பெரும்பாலும் கீழ்முதுகு, முழங்கால், கணுக்காலில் விழும். பேஸ்பாலில் ஓட்டமே கிடையாது. ஒரு சின்ன மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி, சாட்டை மாதிரி சொடுக்கி எறிய வேண்டும். கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்த்த சக்தி கடைசியில் தோள், முழங்கை வழியாகத்தான் பந்துக்குப் போகும்.

6/ எவ்வளவு வேகம்? எறியும் நொடியில் மேல்கை தோளில் சுழலும் வேகம் வினாடிக்கு சுமார் 7,000 டிகிரி. அதே வேகத்தில் தொடர்ந்து சுற்ற முடிந்தால் ஒரு வினாடியில் 19 முழுச் சுற்று! மனித உடம்பில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் ஒன்று இது.

7/ அந்த நொடியில் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். பிளக்காமல் பிடித்து வைப்பது ஒரு சின்ன லிகமெண்ட், நம்ம ஊரில் ஜவ்வு என்று சொல்வோமே, அதுதான். அல்நார் கொலேட்டரல் லிகமெண்ட் என்று பெயர். "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று முழங்காலுக்குச் சொல்வது போலத்தான் இதற்கும்.

8/ தொழில்முறை பிட்சர் முழு வேகத்தில் வீசும்போது முழங்கையில் விழும் முறுக்கு விசை சுமார் 64 நியூட்டன் மீட்டர் என்று 1990களிலேயே ஆய்வுக்கூடத்தில் அளந்துவிட்டார்கள். புரிகிற மாதிரி சொன்னால், உள்ளங்கை இருக்கும் இடத்தில் சுமார் 20 கிலோ எடையைக் கட்டி முழங்கையைப் பக்கவாட்டில் பிளக்கப் பார்ப்பது. இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது இந்த ஜவ்வு மட்டும் தனியாகத் தாங்கியது அதில் ஏறத்தாழ பாதி, 32.

9/ அப்போ ஒவ்வொரு பந்துக்கும் ஜவ்வு அறுந்துதானே போகணும்? போவதில்லை. முன்கையின் உள்பக்கத் தசைகள் இறுகி, சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. எலும்பின் அமைப்பும் கொஞ்சம் தாங்குகிறது. இந்த இழை முழுக்க ஞாபகம் வைக்க வேண்டிய விஷயம் இது: தசை சோர்ந்தால் அதன் பங்கு ஜவ்வின் தலையில் விழும். தசை ஓய்வெடுத்து மீண்டுவிடும். ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது மெதுவாகத்தான் ஆறும், சில சமயம் ஆறாது.

10/ டாமி ஜானுக்கு வருவோம். டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974 செப்டம்பர் 25 அன்று அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கையில் எலும்பில் துளைகள் போட்டு அதன் வழியே கோர்த்து, புது ஜவ்வாகக் கட்டினார். அதுவரை யாரும் எந்த பிட்சருக்கும் செய்யாதது. திரும்ப ஆட வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

11/ அந்தத் தசைநாண் உங்கள் கையிலும் இருக்கலாம். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்க. மணிக்கட்டு நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்தால் அதுதான் பால்மாரிஸ் லாங்கஸ். பார்த்தால் நரம்பு மாதிரி இருக்கும், நரம்பு இல்லை. தெரியவில்லையா? பயப்படாதீங்க. பலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அதனால் ஒரு குறையும் வராது. எடுத்து வேறு இடத்தில் வைக்க வசதியாக இருப்பதும் அதனால்தான்.

12/ டாமி ஜான் 1976-ல் திரும்ப வந்தார். 46 வயசு வரை வீசினார். வாழ்நாளில் பெற்ற 288 வெற்றிகளில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. இன்றைக்கு உலகம் முழுக்க அந்த அறுவை சிகிச்சைக்கே "டாமி ஜான் சர்ஜரி" என்றுதான் பெயர். நோயாளி பெயர் நிலைத்த ஆபரேஷன் அபூர்வம்.

13/ "ரயன் 235 வீசினாரே, அவருக்கு ஒண்ணும் ஆகலையே, இப்போதைய பசங்கதான் சோப்ளாங்கி" என்று அமெரிக்காவிலும் பேசுவார்கள். "எங்க தாத்தா தினம் பீடி குடிச்சே 90 வயசு இருந்தார்" என்று நம்மிடம் சொல்வார்களே, அதே தர்க்கம். பிழைத்தவரை மட்டும் எண்ணுகிறோம்.

14/ அதே காலத்து சாண்டி கோஃபாக்ஸைப் பாருங்க. 1966-ல் 323 இன்னிங்ஸ் வீசி, லீகிலேயே சிறந்தவராக இருந்து, அந்த சீசனோடு 30 வயசில் ஓய்வு பெற்றார். காரணம் முழங்கை மூட்டுத் தேய்மானம். எம்ஆர்ஐ இல்லாத காலத்தில் ஜவ்வு அறுந்தவர்களுக்கு "கை செத்துப்போச்சு" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

15/ ரயனும்கூட 46 வயசில், 1993-ல், தன் கடைசி ஆட்டத்தில் முழங்கை ஜவ்வு கிழிந்துதான் வெளியேறினார். 27 சீசன் தாங்கிய அதே ஜவ்வு.

16/ இந்த அனுபவங்களிலிருந்துதான் பந்தை எண்ணும் பழக்கம் வலுத்தது. 1980, 90களில் "நூறு பந்து ஆனால் பயிற்சியாளர் எழுந்து நிற்கணும்" என்பது எழுதாத சட்டம் ஆனது. நூறில் விசேஷ மருத்துவ மந்திரம் எதுவும் கிடையாது. 99-வது பந்தில் பத்திரமாக இருக்கும் ஜவ்வு 101-ல் அறுந்துவிடாது. ஞாபகம் வைக்க வசதியான எண், அவ்வளவுதான்.

17/ எண்ணிக்கைக் கட்டுப்பாட்டின் உச்சம் 2012. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010-ல் டாமி ஜான் சர்ஜரி செய்துகொண்டவர். அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவர் நல்லா இருக்கும்போதே, 159 இன்னிங்ஸ் தாண்டியதும் "இந்த வருஷத்துக்குப் போதும்" என்று உட்கார வைத்தார்கள். பிளேஆஃபில் அவர் இல்லாமல் ஆடி முதல் சுற்றிலேயே தோற்றார்கள். நாடே சண்டை போட்டது.

18/ சரியா தப்பா? 2019-ல் அதே ஸ்ட்ராஸ்பர்க் வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர். "பார்த்தீங்களா, காப்பாத்தினோம்" என்றார்கள். உடனே 7 வருஷத்துக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அதற்குப் பிறகு அவர் ஆடியது மொத்தம் 8 ஆட்டம். மணிக்கட்டு, அப்புறம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு நசுங்கும் பிரச்சினை, அறுவை சிகிச்சை, ஓய்வு. ஒரு ஆளின் கதையை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதற்கு இவரே உதாரணம்.

19/ இதுவரை மருத்துவம். இனி கணக்கு. ஒரே பிட்சரை ஒரே ஆட்டத்தில் மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்று புள்ளிவிவரக்காரர்கள் காட்டினார்கள். பிட்சர் களைத்திருப்பார், பேட்டருக்கும் பந்து பழகியிருக்கும். "அப்போ மூன்றாவது சுற்று வருமுன் ஆளை மாற்று" என்ற முடிவுக்கு அணிகள் வந்தன. இது கையைக் காப்பாற்ற எடுத்த முடிவு இல்லை, ஜெயிக்க எடுத்த முடிவு. இந்த வித்தியாசம் முக்கியம்.

20/ டம்பா பே ரேஸ் அணி 2018 மே மாதம் ஒரு படி மேலே போனது. கடைசி இன்னிங்ஸ்களில் வீசும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸ் மட்டும் வீச வைத்து, பிறகு வேறு ஆளைக் கொண்டுவந்தது. "ஓப்பனர்" என்று பெயர்.

21/ 2020 வேர்ல்டு சீரிஸ் ஆறாவது ஆட்டம், அதே ரேஸ் அணி. பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் வீசியிருக்கிறார், 9 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருக்கிறார், அணி 1-0 என்று முன்னிலை. மூன்றாவது சுற்று ஆரம்பிக்கப் போகிறது என்று வெளியே எடுத்தார்கள். அதே இன்னிங்ஸில் முன்னிலை போனது, 3-1 என்று ஆட்டமும் போனது, கோப்பையும் போனது.

22/ மொத்தப் படம் இது. 1974-ல் ஸ்டார்ட்டரே கடைசி வரை வீசி முடித்த ஆட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல். 2024-ல் வெறும் 28. 200 இன்னிங்ஸைத் தொட்ட பிட்சர்கள் 2014-ல் முப்பதுக்கும் மேல், 2024-ல் நான்கே பேர். வேலை இவ்வளவு குறைந்தால் காயமும் குறைந்திருக்கணும், இல்லையா?

23/ நடந்தது தலைகீழ். பெரிய லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. காயப் பட்டியலில் பிட்சர்கள் சேர்ந்த எண்ணிக்கை 2005-ல் 212, 2024-ல் 485. பெரிய லீக், மைனர் லீக் சேர்த்து டாமி ஜான் சர்ஜரி 2010-ல் 104, உச்சமாக 2020-ல் 314.

24/ அறிக்கை முதலில் கைகாட்டுவது வேகத்தை. நேர்ப்பந்தின் சராசரி வேகம் 2008-ல் மணிக்கு சுமார் 147 கி.மீ., 2024-ல் சுமார் 151½. சராசரியே இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் உச்சத்தில் இருப்பவர்களை நினைச்சுப் பாருங்க. கூடவே பந்தை இன்னும் சுழல, இன்னும் வளைய வைக்கும் முயற்சி. "5 இன்னிங்ஸ்தானே, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தில் போடு" என்பதுதான் புது வேலைத்திட்டம்.

25/ மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரை நினைச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 25 கிலோ மூட்டை நூறு தூக்குகிறார். "நூறு ரொம்ப அதிகம், எழுபது போதும்" என்று கருணையோடு சொல்லிவிட்டு, மூட்டையை 40 கிலோ ஆக்குகிறோம், ஓடிக்கொண்டே தூக்கச் சொல்கிறோம். நோட்டில் எண்ணிக்கை குறைந்திருக்கும். முதுகுத்தண்டுக்கு நோட்டு படிக்கத் தெரியாது.

26/ பழைய ஸ்டார்ட்டர்கள் 9 இன்னிங்ஸ் போகணும் என்பதால் சேமித்து வீசினார்கள். சாதாரண பேட்டருக்கு முக்கால் பலம், ஆபத்தான நேரத்தில் மட்டும் முழு பலம். டாமி ஜானே வேகத்தை நம்பியவர் இல்லை, பந்தைத் தாழ்த்திப் போட்டுத் தரையில் அடிக்க வைப்பவர். அப்படி வீசுபவருக்கு இன்று அணிகளில் இடம் கிடைப்பது கஷ்டம்.

27/ இங்கே யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கணும். ஒரு பிட்சரின் ஜவ்வு அறுந்தால் அணி மைனர் லீகிலிருந்து இன்னொரு வேகமான பையனைக் கொண்டுவரும். அந்தப் பிட்சருக்கு 12 முதல் 18 மாதம் போகும். பெரிய ஒப்பந்தம் கிடைக்காத, பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுதான் தொழிலின் முடிவு. ஆனாலும் வேகத்துக்குத்தான் சம்பளம் என்பதால் அவர்களே விரும்பித்தான் முழு பலத்தில் வீசுகிறார்கள். கட்டாயப்படுத்த ஆள் தேவையே இல்லை.

28/ இப்போது மறுயோசனை எந்தத் திசையில்? ஒன்று, ஓய்வு நாள். ஜப்பானில் ஸ்டார்ட்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுவார். ஷோஹெய் ஓஹ்தானி போன்றவர்கள் வந்தபின் அமெரிக்காவிலும் சில அணிகள் ஆறு பேர் முறைக்கு நகர்கின்றன. இரண்டு, விதி. ஸ்டார்ட்டரைச் சீக்கிரம் எடுத்தால் அணிக்கு ஏதாவது இழப்பு வரும்படி விதி வைத்தால், நீண்ட நேரம் வீச வேண்டிவரும். அப்போ பலத்தைச் சேமித்து வீசுவார்கள் என்பது கணக்கு. ஒரு சிறிய லீகில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

29/ மூன்று, அளவுகோலை மாற்றுவது. எத்தனை பந்து என்பதோடு எவ்வளவு பலத்தில், எத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகு, ஆட்டத்துக்கு வெளியே பயிற்சியில் எவ்வளவு என்று சேர்த்துப் பார்ப்பது. பயிற்சியில் முழு பலத்தில் வீசும் பந்துகள் எந்த ஸ்கோர் போர்டிலும் வராது. ஜவ்வுக்கு அதுவும் பந்துதான்.

30/ 2025 வேர்ல்டு சீரிஸ் பார்த்தவர்கள் "யமமோட்டோ?" என்று கேட்பீங்க. டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ இரண்டாவது ஆட்டத்தை 105 பந்தில் தனியாக முடித்தார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து. மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் இன்னும 34 பந்து வீசி ஜெயித்துக் கொடுத்தார். பார்க்கப் பிரமாதம். ஆனால் சீசன் முழுக்க அவருக்குப் பெரும்பாலும் கூடுதல் ஓய்வு கொடுத்துத்தான் வீச வைத்தார்கள். சேமிப்பு இருந்ததால் அன்றைக்குச் செலவு செய்ய முடிந்தது. தினசரி வழக்கமாக இதை வைக்க முடியாது.

31/ ஜப்பானே இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் படித்தது. அங்கே உயர்நிலைப் பள்ளி அணிகளின் கோஷியன் போட்டி ஒரு தேசியத் திருவிழா. 1998-ல் டைசுகே மட்சுசாகா என்ற பள்ளி மாணவன் ஒரே ஆட்டத்தில் 17 இன்னிங்ஸ், 250 பந்து வீசினான். முந்தைய நாளும் முழு ஆட்டம் வீசியிருந்தான். நாடே கொண்டாடியது. 2011-ல் அவருக்கு டாமி ஜான் சர்ஜரி.

32/ 2019-ல் வேறொரு காட்சி. ரோகி சசாகி, 163 கி.மீ. வேகத்தில் வீசும் பள்ளி மாணவன். மாவட்ட இறுதிப் போட்டி, ஜெயித்தால் கோஷியன். முந்தைய நாள் அரையிறுதியில் 129 பந்து வீசியிருந்தான். பயிற்சியாளர் இறுதிப் போட்டியில் அவனை இறக்கவே இல்லை. 12-2 என்று தோல்வி. பள்ளிக்குத் திட்டித் தீர்த்து போன்கள். ஆனால் அடுத்த ஆண்டே பள்ளிப் போட்டிகளில் ஒரு மாணவன் வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று விதி வந்தது.

33/ சசாகி 2022-ல், 20 வயசில், 19 ஸ்ட்ரைக்அவுட்டோடு ஒரு பேட்டரைக்கூட பேஸுக்கு விடாத முழு ஆட்டம் வீசினார். ஜப்பானில் 28 ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி ஒன்று. அடுத்த வாரமும் 8 இன்னிங்ஸ் அதேபோல. 102 பந்து ஆனதும் எடுத்துவிட்டார்கள். 2025-ல் அமெரிக்கா வந்த முதல் சீசனிலேயே தோள் பிரச்சினையால் பல மாதம் உட்கார்ந்தார். கவனம் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. மருத்துவத்தில் எல்லாமே இப்படித்தான்.

34/ எனக்கு இதில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் கவலை. வளரும் வயதில் முழங்கை உள்பக்க எலும்பின் நுனி குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கும். அங்கே ஜவ்வைவிட அந்த ஒட்டுதான் பலவீனம். திரும்பத் திரும்ப எறிந்தால் அது வீங்கும், விலகும், சமயத்தில் பிய்ந்து வரும். "லிட்டில் லீக் எல்போ" என்று பெயர்.

35/ அமெரிக்காவில் லிட்டில் லீக் 2007-ல் இன்னிங்ஸுக்குப் பதில் பந்தை எண்ண ஆரம்பித்தது. 2014-ல் "பிட்ச் ஸ்மார்ட்" வழிகாட்டுதல் வந்தது. 9-10 வயதுக்கு நாளைக்கு 75 பந்து, 11-12 வயதுக்கு 85. 14 வயது வரை, 66 பந்துக்கு மேல் வீசினால் 4 நாள் ஓய்வு. வருஷத்தில் சில மாதம் எறியவே கூடாது.

36/ ஏன் என்றால், அறுவை சிகிச்சை வரை போன இளம் பிட்சர்களை, காயமில்லாதவர்களோடு ஒப்பிட்ட 2006 ஆய்வு ஒன்று உண்டு. வருஷத்தில் 8 மாதத்துக்கு மேல் வீசியவர்களுக்கு ஆபத்து 5 மடங்கு. கை களைத்திருக்கும்போதும் வழக்கமாக வீசியவர்களுக்கு 36 மடங்கு. 9-வது பாயிண்ட்டில் சொன்ன தசைச் சோர்வு ஞாபகம் இருக்கா? அதுதான் இங்கே எண்ணாக நிற்கிறது.

37/ "ஆபரேஷன் பண்ணினா கை முன்னைவிட பலமாகும்" என்ற நம்பிக்கை அங்கே பெற்றோர், பயிற்சியாளர் மத்தியில்கூட இருக்கிறது. தவறு. நல்ல ஜவ்வுக்கு மாற்றாக எந்த ஆபரேஷனும் இல்லை. அதிகம் போனால் பழைய நிலைக்குத் திருப்பலாம், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

38/ சுருக்கமா:
• எண்ணிக்கை வரம்பு தேவைதான், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. அது மட்டும் போதாது.
• ஒவ்வொரு பந்தும் எவ்வளவு பலத்தில் என்பதும் சுமைதான்.
• சோர்ந்த கையோடு வீசுவதுதான் பெரிய ஆபத்து.
• பயிற்சியில் வீசுவதையும் கணக்கில் சேர்க்கணும்.
• வருஷம் முழுக்க ஒரே விளையாட்டு வேண்டாம்.

39/ உங்கள் வீட்டில் பேஸ்பால் இல்லாமல் இருக்கலாம். பந்து எறியும் பிள்ளை இருந்தால் இதில் பாதி பொருந்தும். ஆட்டம் முடிந்து வந்ததும் "எத்தனை விக்கெட்?" என்று கேட்பதோடு "கை எப்படி இருக்கு?" என்றும் கேளுங்க. முழங்கை உள்பக்கம் வலி, கையை முழுசா நீட்ட முடியாமை, சுண்டுவிரல் மரத்துப்போவது, இதில் எது இருந்தாலும் எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்க. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு மறுநாள் மேட்சுக்கு அனுப்பாதீங்க.

பயிற்சியாளர் யாராவது தெரிந்தால் அவருக்கு அனுப்புங்க.